மைல் இருக்கிறது, இருக்கை எங்கே?

2025 தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமா அழைத்தார். சிங்கப்பூரில் மளிகை மொத்த வியாபாரம் செய்பவர். கடைக்கு வாங்கும் சரக்கு, வண்டிக்குப் பெட்ரோல், அத்தைக்குப் புடவை என்று எல்லாவற்றுக்கும் கிரெடிட் கார்டையே நீட்டி, மூன்று ஆண்டுகளுக்குள் கிரிஸ்ஃபிளையர் கணக்கில் ஆறு லட்சம் மைலை நெருங்கிவிட்டிருந்தார். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நடத்தும் மைல் திட்டம் அது. சேர்த்த மைலைக் கொடுத்து விமான டிக்கெட் எடுக்கலாம். லண்டனுக்கு முதல் வகுப்பில் ஒருவழிப் பயணத்துக்கு அப்போது 141,000 மைல். வீட்டில் நான்கு பேர். பெருக்கினால் 564,000.

"கணக்குச் சரியாக வருகிறது மாப்பிள்ளை. டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு நாலு டிக்கெட் போட்டுக் கொடு" என்றார்.

கணக்குச் சரிதான். டிக்கெட் கிடைக்காது. இதை அவருக்குப் புரியவைக்க எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. "மைல்தான் இருக்கிறதே, பிறகென்ன?" என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். நியாயமான கேள்வி. புதிதாக இந்த வழிக்கு வருகிற எல்லோரும் கேட்கும் கேள்வியும் அதுதான். அன்று அவரிடம் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். சிங்கப்பூர்த் திட்டத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். எனக்கு நன்கு பழகியது அது ஒன்றுதான். மற்ற நிறுவனங்களிலும் அடிப்படை இதேதான்.

மைல் என்ற பெயர் வந்த கதை

அமெரிக்காவில் 1978 வரை விமானக் கட்டணத்தையும் வழித்தடத்தையும் அரசாங்கமே நிர்ணயித்தது. அந்த ஆண்டு கட்டுப்பாட்டை நீக்கிச் சட்டம் வந்தது. போட்டி மூண்டது. ஒரே ஊருக்கு நாலு நிறுவனங்கள் பறக்கும்போது பயணி ஏன் நம்மிடமே திரும்ப வரவேண்டும் என்ற கவலை வந்தது. 1981 மே முதல் தேதி அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் திட்டத்தைத் தொடங்கியது. சில நாட்களுக்குள் யுனைடெட்டும் தொடங்கிவிட்டது. எத்தனை மைல் பறந்தீர்களோ அத்தனை மைல் உங்கள் கணக்கில் ஏறும், போதுமான அளவு சேர்ந்ததும் இலவச டிக்கெட். கிரிஸ்ஃபிளையர் வந்தது 1999இல்.

இன்று அந்த 'மைல்' தூரத்தைக் குறிப்பதில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்போது அது விமான நிறுவனம் அச்சடிக்கும் ஒரு நாணயம். வங்கிகள் அதைக் காசு கொடுத்து மொத்தமாக வாங்கித் தங்கள் வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கின்றன. நீங்கள் கடையில் 100 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) பொருள் வாங்கி அட்டையைத் தேய்த்தால், அந்த 100 வெள்ளியில் ஒரு சிறு பங்கைக் கடைக்காரர் கட்டணமாக இழக்கிறார். அதிலிருந்து வங்கிக்கு வரும் வருமானத்தில் ஒரு பகுதிதான் உங்கள் கணக்கில் மைலாக வந்து விழுகிறது. மாமா கடைக்காரராகவும் வாடிக்கையாளராகவும் இருப்பதால் இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விட்டார்.

இந்த நாணயம் எவ்வளவு பெரிய வியாபாரம் என்பது கோவிட் காலத்தில் வெளிச்சத்துக்கு வந்தது. 2020இல் விமானங்கள் தரையில் நின்றபோது யுனைடெட் தன் மைல் திட்டத்தை அடமானம் வைத்து 680 கோடி டாலர் கடன் திரட்டியது. அந்தத் திட்டத்துக்கு அப்போது போடப்பட்ட மதிப்பு சுமார் 2,200 கோடி டாலர். பங்குச்சந்தையில் முழு நிறுவனத்துக்கும் அன்று இருந்த விலையைவிட அது அதிகம். விமானத்தைவிட மைலுக்கு மதிப்பு!

எங்கே இலவசம் இருக்கிறதோ அங்கே கெட்டிக்காரர்களும் இருப்பார்கள். 1999இல் அமெரிக்காவில் ஓர் உணவு நிறுவனம், தன் டப்பாக்களில் உள்ள பட்டைக் குறியீட்டை வெட்டி அனுப்பினால் மைல் தருவதாக அறிவித்தது. கலிபோர்னியாவைச் சேர்ந்த ஒரு பொறியாளர் உட்கார்ந்து கணக்குப் போட்டார். டப்பாவின் விலையைவிட அதற்குக் கிடைக்கும் மைலின் மதிப்பு அதிகம் என்று கண்டுகொண்டார். சுமார் 3,140 டாலருக்கு 12,150 புட்டிங் டப்பாக்களை வாங்கினார். லேபிளை உரித்துக் கொடுத்தால் புட்டிங்கை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு தொண்டு நிறுவனத்தோடு ஏற்பாடு செய்துகொண்டார். கிடைத்தது 12 லட்சம் மைலுக்கு மேல். இன்னும் சிலர் அமெரிக்க நாணயச்சாலையிடமிருந்து ஒரு டாலர் நாணயங்களைக் கிரெடிட் கார்டில் ஆயிரக்கணக்கில் வாங்கினார்கள். அனுப்பும் செலவு இலவசம். வந்த பெட்டியைப் பிரிக்காமலேயே வங்கியில் கட்டி, அந்தப் பணத்தில் அட்டைக் கடனை அடைத்தார்கள். மைல் மட்டும் மிச்சம். 2011இல் நாணயச்சாலை கிரெடிட் கார்டை நிறுத்தியதும் அந்த வாசல் மூடியது. இப்போது அப்படிப்பட்ட வாசல்கள் அரிது. கதையாகச் சொல்லலாமே தவிர, வழியாக நம்பக் கூடாது.

சேர்ப்பது

இதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் இதைப் பற்றியே பேசுகிறார்கள்.

சிங்கப்பூரில் பொதுவான மைல் அட்டை ஒரு வெள்ளிச் செலவுக்கு 1.2 மைலிலிருந்து 1.4 மைல் வரை தரும். இணையத்தில் வாங்குவது, உணவகம், பெட்ரோல் என்று குறிப்பிட்ட வகைச் செலவுக்கு மட்டும் 4 மைல் தரும் அட்டைகளும் உண்டு. ஆனால் மாதத்துக்கு 1,000 அல்லது 1,500 வெள்ளி என்று ஓர் உச்சவரம்பு இருக்கும். மாதம் 1,000 வெள்ளியை அப்படி ஓர் அட்டையில் ஒழுங்காகச் செலவழித்தால் மாதம் 4,000 மைல். மூன்று ஆண்டுகளில் 144,000. மாமா சொன்ன லண்டன் டிக்கெட் ஒன்றுக்கு, அப்போதைய விலையில், அது போதும்.

மூன்று ஆண்டு என்று நான் சொன்னதற்குக் காரணம் உண்டு. கிரிஸ்ஃபிளையர் மைலுக்கு ஆயுள் மூன்று ஆண்டுகள்தான். பிறகு காலாவதியாகிவிடும். ஆகவே அட்டைச் செலவுக்கு வங்கி முதலில் தரும் புள்ளியை உடனே மைலாக மாற்றாமல் அங்கேயே விட்டுவைப்பது நல்லது. சில அட்டைகளின் புள்ளிகளுக்குக் காலாவதியே கிடையாது. வங்கியில் இருப்பதைப் 'புள்ளி' என்றும் விமான நிறுவனத்தில் இருப்பதை 'மைல்' என்றும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். புள்ளியை மைலாக மாற்றலாம். மைலைத் திரும்பப் புள்ளியாக்க முடியாது. மாற்றும் ஒவ்வொரு முறையும் 25 வெள்ளியை ஒட்டி ஒரு கட்டணம் வேறு.

இதில் ஒரு கண்ணி உண்டு, நானே அதில் விழுந்திருக்கிறேன். ஒரு முறை சிட்னிக்கு இருக்கை கண்ணில் பட்டது. அதற்குப் பிறகுதான் என் வங்கியில் புள்ளியை மாற்றச் சொன்னேன். மூன்று நாள் கழித்து மைல் வந்து சேர்ந்தபோது இருக்கை போயிருந்தது. பிரயாணம் எப்போது என்று முடிவாகிவிட்டால், தேடத் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே மாற்றிவிட வேண்டும்.

கடனைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம்: அட்டையின் பாக்கியை மாதாமாதம் முழுதாகக் கட்ட முடியாதவர், ஆண்டுக்கு 25 சதவீதத்துக்கு மேல் வட்டி கட்டிக்கொண்டு மைல் சேர்ப்பது நெய்யை விற்றுத் தண்ணீர் வாங்குவது போன்றது.

இருக்கை எங்கிருந்து வருகிறது?

இனித்தான் விஷயம்.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் முதல் வகுப்பு இரண்டு வகை விமானங்களில் உண்டு. போயிங் 777-300இஆர் விமானத்தில் நான்கே நான்கு இருக்கைகள். ஏர்பஸ் ஏ380 என்ற இரண்டு மாடி விமானத்தில் அதற்கு 'சூட்ஸ்' என்று பெயர். மாடியின் முன்பகுதியில் ஆறு அறைகள். மாமா நாலு டிக்கெட் கேட்டபோது, ஒரு 777இன் முழு முதல் வகுப்பையும் டிசம்பர் விடுமுறையில் தனக்கு ஒதுக்கித் தரும்படி கேட்டுக்கொண்டிருந்தார். அது அவருக்குத் தெரியாது.

அந்த நாலு இருக்கைகளையும் நிறுவனம் எப்படிப் பார்க்கிறது? மாமாவுக்கு நான் தேக்கா சந்தையை வைத்துச் சொன்னேன். காலையில் வந்த கீரைக்கட்டு மத்தியானத்துக்குள் விற்க வேண்டும். விற்காவிட்டால் வாடிவிடும். கடை கட்டும் நேரத்தில் மூன்று கட்டை ஒரு கட்டு விலைக்குக் கொடுத்தாலும் லாபம்தான். விமான இருக்கை கீரையைவிட மோசம். கதவு மூடிய கணத்தில் அதன் மதிப்பு பூஜ்யம். காலியாகப் பறந்த இருக்கையை நாளைக்கு விற்க முடியாது. எனவே விற்காது என்று தெரிந்த இருக்கையை மைலுக்குக் கொடுத்துவிடலாம்.

ஆனால் கீரைக்காரருக்கு இல்லாத ஒரு சிக்கல் விமானக் கம்பெனிக்கு உண்டு. கடைசி நேரத்தில் முழு விலை கொடுத்து வருகிறவர்கள்தான் முதல் வகுப்புக்குப் பெரும் வாடிக்கையாளர்கள். நாளை காலை லண்டனில் கூட்டம் இருக்கிறது, விலை எவ்வளவானாலும் கவலையில்லை என்பவர்கள். மலிவாகக் கிடைக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் அவர்களும் மைலை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றுவிடுவார்கள். ஆகையால் எத்தனை இருக்கையை மைலுக்குத் திறப்பது, எப்போது திறப்பது என்பதை நிறுவனம் ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனியாக முடிவு செய்கிறது. இதற்கென்று ஒரு துறையே இருக்கிறது. கணினி மென்பொருள், முந்தைய ஆண்டுகளின் விற்பனை, பண்டிகை, பொருட்காட்சி, பள்ளி விடுமுறை எல்லாவற்றையும் போட்டு அலசி, இந்த விமானத்தில் எத்தனை இருக்கை விற்காமல் போகும் என்று கணிக்கிறார்கள். அந்தக் கணிப்பின் எச்சம்தான் நமக்கு.

அதனால்தான் இணையத்தளத்தில் இருக்கைப் படத்தைப் பார்த்து "ஆறில் ஐந்து காலியாக இருக்கிறதே, எனக்கு ஏன் இல்லை என்கிறான்?" என்று கோபப்படுவதில் பொருளில்லை. காலி இருக்கை வேறு, மைலுக்குத் திறந்த இருக்கை வேறு. மாமாவுக்கு இது ஒப்பவில்லை. "அப்படியென்றால் நான் சேர்த்தது என்ன, விளையாட்டுக் காசா?" என்றார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன்.

கிரிஸ்ஃபிளையரில் முக்கியமாக இரண்டு விலைகள் உண்டு. 'சேவர்' என்பது குறைந்த விலை, குறைந்த இருக்கை. 'அட்வான்டேஜ்' என்பது கூடுதல் விலை, கிடைப்பதற்குக் கூடுதல் வாய்ப்பு. 141,000 என்பது அப்போதைய சேவர் விலை. சேவர் இருக்கை திறக்காத நாளில் காத்திருப்புப் பட்டியலில் பெயர் போடலாம். ரயிலில் என்றால் எத்தனையாவது இடம் என்று எண் கொடுப்பார்கள், இங்கே அதுவும் கிடையாது. யாருக்கு முன்னுரிமை என்பதையும் நிறுவனம் விரிவாக வெளியிடுவதில்லை. ஒரு நாள் மின்னஞ்சல் வரும், அல்லது வராது. பல நாட்கள், பல விமானங்களில் பெயர் போட்டுவைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்க வேண்டியதுதான்.

வேறு நிறுவனத்தின் மைலை வைத்து இந்த இருக்கையைப் பிடிக்க முடியுமா? சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஸ்டார் அலையன்ஸ் என்ற விமான நிறுவனக் கூட்டணியில் இருக்கிறது, ஏர் இந்தியாவும் 2014இலிருந்து அதில் இருக்கிறது. கூட்டணி மைலை வைத்து ஒருவர் விமானத்தில் மற்றவர் பறக்கலாம். ஆனால் நெடுந்தூர முதல் வகுப்பைச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் வெளியாருக்குப் பெரும்பாலும் திறப்பதில்லை. சொந்தத் திட்டத்து உறுப்பினருக்குத்தான். மற்றவர்களும் கதவை இறுக்கிக்கொண்டுதான் வருகிறார்கள். சுவிஸ் நிறுவனத்தின் முதல் வகுப்பு, அதே குழுமத் திட்டத்தில் உயர்நிலை உறுப்பினராக இருப்பவர்களுக்கே மைலில் கிடைக்கும். எமிரேட்ஸும் 2025 மே மாதத்தில், சாதாரண உறுப்பினர் முதல் வகுப்பை மைலில் எடுக்க முடியாதபடி செய்துவிட்டது. அந்த வகையில், புதிதாகச் சேர்ந்தவருக்கும் முதல் வகுப்பைக் காட்டுகிற கிரிஸ்ஃபிளையர் தாராள மனம் கொண்டது என்றே சொல்வேன்.

எப்போது தேடுவது?

பயணத்துக்கு 355 நாட்களுக்கு முன்பு இருக்கை விற்பனை தொடங்குகிறது. அன்றே ஒன்றிரண்டு சேவர் இருக்கைகள் சில வழித்தடங்களில் தென்படும். பிறகு பல மாதங்களுக்கு ஒன்றும் இராது. கடைசி சில வாரங்களில், விற்காது என்று கணிப்பு உறுதியானதும், மறுபடி திறக்கலாம். ஆக, ஓராண்டுக்கு முன்பே திட்டமிடுகிறவருக்கும், நாளைக்கே கிளம்பத் தயாராக இருப்பவருக்கும் இது தோதான ஆட்டம். மூன்று மாதம் கழித்து, பிள்ளைகளின் விடுமுறையில், வெள்ளிக்கிழமை இரவு கிளம்பி ஞாயிறு திரும்ப வேண்டும் என்பவருக்குத் தோதில்லை. நம்மில் பெரும்பாலோர் இந்தத் தோதில்லாத வகை என்பதுதான் வேடிக்கை.

எனக்குக் கிடைத்தவை எல்லாம் செவ்வாய், புதன் கிழமைகள்தாம். பள்ளி நடக்கும் மாதங்கள்தாம். தனி ஒருவராக இருந்தால் எளிது. இரண்டு பேர் என்றால் பொறுமை வேண்டும். மூன்று பேருக்கு ஒரே விமானத்தில் என்றால், ஒருவர் முதல் வகுப்பிலும் இருவர் பிசினஸ் வகுப்பிலும் உட்காரச் சம்மதிக்க வேண்டியிருக்கும். யார் எங்கே என்ற சண்டைக்கு நான் பொறுப்பல்ல.

இன்னொன்று: உங்கள் மைலில் மற்றவருக்கு டிக்கெட் எடுக்க அவர்கள் பெயரை முன்கூட்டியே கணக்கில் பதிய வேண்டும். ஐந்து பேர் வரை பதியலாம். மைலைக் காசுக்கு விற்பது விதிமீறல். கண்டுபிடித்தால் கணக்கையே மூடிவிடுவார்கள். சமூக ஊடகத்தில் "பாதி விலையில் பிசினஸ் வகுப்பு" என்று யாராவது ஆசை காட்டினால் அது பெரும்பாலும் இப்படி விற்கப்படும் மைல்தான்.

எந்த விமானம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். விமான எண் ஒன்றாகவே இருந்தாலும் பருவத்துக்குப் பருவம் விமானம் மாறும். ஏ380 என்று நம்பி எடுத்த டிக்கெட், முதல் வகுப்பே இல்லாத விமானத்துக்கு மாறினால் பிசினஸ் வகுப்பில்தான் உட்கார வேண்டும். வித்தியாச மைல் திரும்ப வரும், ஆனால் ஆசை திரும்ப வராது.

இலவசமா?

இல்லை. மைலுக்கு மேல் வரியும் விமான நிலையக் கட்டணமும் கட்ட வேண்டும். 2017 முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் சொந்த விமானங்களில் எரிபொருள் கூடுதல் கட்டணத்தை மைல் டிக்கெட்டுக்கு வாங்குவதில்லை என்பதால் தொகை சிறியதுதான். விதிவிலக்கு லண்டன். அங்கிருந்து கிளம்பும் நெடுந்தூரப் பயணத்தில், உயர் வகுப்பு என்றால் பிரிட்டிஷ் அரசாங்கம் ஒரு தலைக்கு 200 பவுண்டுக்கு மேல் வரி போடுகிறது. லண்டனுக்குப் போவதற்கு அந்த வரி இல்லை, திரும்புவதற்குத்தான். இதனால் சிலர் போகும்போது முதல் வகுப்பு, வரும்போது வேறு ஐரோப்பிய ஊரிலிருந்து கிளம்புவது என்று வைத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் உண்மையான விலை வேறிடத்தில் ஒளிந்திருக்கிறது. மைல் அட்டைக்குப் பதிலாக 1.5 சதவீதம் பணம் திருப்பித் தரும் அட்டை ஒன்றைப் பயன்படுத்தியிருக்கலாம் அல்லவா? ஒரு வெள்ளிக்கு 1.2 மைல் என்ற கணக்கில் 141,000 மைல் சேர 117,500 வெள்ளி செலவழிக்க வேண்டும். அதே செலவுக்குப் பணம் திருப்பித் தரும் அட்டை 1,762 வெள்ளி கொடுத்திருக்கும். ஆக லண்டன் டிக்கெட்டின் விலை 1,762 வெள்ளி, அதற்கு மேல் வரி. 4 மைல் அட்டையில் சேர்த்திருந்தால் செலவு 35,250 வெள்ளி, இழந்த பணம் 529 வெள்ளி. இந்த இரண்டு எண்களுக்கும் உள்ள இடைவெளியில்தான் மைல் சேர்ப்பவரின் சாமர்த்தியம் இருக்கிறது.

மைல் பித்தர்கள் வேறு விதமாகக் கணக்குப் போடுவார்கள். முதல் வகுப்பு டிக்கெட்டின் சந்தை விலையை மைலால் வகுத்து, "ஒரு மைலுக்கு எனக்கு ஏழு காசு கிடைத்தது, எட்டுக் காசு கிடைத்தது" என்று மார்தட்டுவார்கள். அந்தக் கணக்கை நான் ஏற்பதில்லை. கையில் ரொக்கமாகப் பத்தாயிரம் வெள்ளி இருந்தால் அந்த டிக்கெட்டை வாங்குவீர்களா? மாட்டீர்கள். நானும் மாட்டேன். எவ்வளவு கொடுக்கச் சம்மதிப்பீர்களோ அதுதான் உங்களுக்கு அதன் மதிப்பு. எனக்கு அது இரண்டாயிரம் வெள்ளியைத் தாண்டாது. அதற்குள் முடிந்தால் போகிறேன், முடியாவிட்டால் சாதாரண வகுப்பில் புளியோதரைப் பொட்டலத்தோடு போய்ச் சேர்கிறேன்.

சேர்த்து வைத்துக்கொண்டே இருப்பதும் ஒரு செலவுதான். அச்சடிப்பவரே விலைப்பட்டியலும் போடுகிறார் என்பதை மறக்கக் கூடாது. லண்டனுக்கு முதல் வகுப்பு சேவர் 2022 ஜூலைக்கு முன்பு 125,000 மைல். பிறகு 141,000 ஆனது. பிசினஸ் 92,000இலிருந்து 103,500 ஆனது. 2025 நவம்பரில் பட்டியல் மறுபடி ஏறியது. சில வாரங்களாவது முன்னறிவிப்பு கொடுத்து ஏற்றுவது கண்ணியமான வழக்கம். 2016இல் அமெரிக்காவின் அலாஸ்கா ஏர்லைன்ஸ், தன் மைலால் எமிரேட்ஸ் முதல் வகுப்பில் பறப்பதற்கான விலையை ஒரே இரவில் ஏற்றியது. தூங்கி எழுந்தவர்களின் சேமிப்பு அப்படியே சுருங்கிப் போயிருந்தது. வங்கியில் போட்ட பணத்துக்கு வட்டி ஏறும். மைலுக்கு வட்டி கிடையாது, தேய்மானம் மட்டும்தான். எதற்காகச் சேர்க்கிறோம் என்று தெரிந்து சேர்த்து, சேர்ந்ததும் செலவழிப்பது நல்லது. பேரன் கல்யாணத்துக்கு ஆகும் என்று பூட்டிவைக்க இது நகையல்ல.

அப்படி என்னதான் இருக்கிறது?

ஏ380இன் சூட்ஸ் 2007 அக்டோபரில் சிட்னிக்குப் பறந்த முதல் விமானத்திலேயே இருந்தது. அப்போது கீழ்த்தளத்தில் பன்னிரண்டு அறைகள். 2017இல் அதை மாடிக்குக் கொண்டுபோய் ஆறாகக் குறைத்தார்கள். கதவை இழுத்து மூடிக்கொள்ளலாம். தோல் உறை போட்ட சுழல் நாற்காலி ஒன்று, அதற்குப் பக்கத்தில் சுவரிலிருந்து மடிந்து இறங்கும் தனிக் கட்டில் ஒன்று. நாற்காலியே கட்டிலாக மாறுகிற வழக்கமான ஏற்பாடு இல்லை. கணவன் மனைவி அடுத்தடுத்த அறையில் இருந்தால் நடுத் தடுப்பை இறக்கி இரட்டைக் கட்டிலாக்கிக் கொள்ளலாம். ஆறு பேருக்கு இரண்டு கழிவறைகள். அதில் ஒன்றில் உட்கார்ந்து தலை வாரிக்கொள்ள மேசை போட்டிருக்கிறார்கள். சாப்பாட்டை முன்கூட்டியே ஒரு பெரிய பட்டியலிலிருந்து தேர்ந்து சொல்லிவிடலாம். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்து மூன்றாம் முனையத்தில் முதல் வகுப்புப் பயணிகளுக்குத் தனி வாசலும், உள்ளே 'பிரைவேட் ரூம்' என்ற தனி ஓய்வறையும் உண்டு.

ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு கிறுக்கு உண்டு. எமிரேட்ஸின் ஏ380இல் வானத்திலேயே குளிக்கலாம். தண்ணீர் ஐந்து நிமிடம்தான் வரும். லுஃப்தான்சா ஃபிராங்ஃபர்ட்டில் முதல் வகுப்புக்கென்று தனிக் கட்டடமே வைத்திருக்கிறது. அங்கிருந்து விமானத்தின் வாசல் வரை காரில் கொண்டுபோய் விடுவார்கள். அங்கே கொடுக்கும் ரப்பர் வாத்து பொம்மையைச் சேகரிப்பதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது.

பல நிறுவனங்கள் முதல் வகுப்பைக் கைவிட்டுவிட்டன. பிசினஸ் வகுப்பிலேயே படுக்கையும் கதவும் வந்துவிட்ட பிறகு அதற்கு மேல் ஒன்று எதற்கு என்பது அவர்கள் வாதம். நியாயம்தான். உடம்புக்கு ஓய்வு வேண்டும் என்றால் பிசினஸ் வகுப்பு தாராளமாகப் போதும். மைலும் குறைவு, இருக்கையும் எளிதாகக் கிடைக்கும். முதல் வகுப்பு என்பது ஆசை. ஆசைக்குக் கணக்குப் பார்க்கலாம், காரணம் கேட்கக் கூடாது.

அந்த ஆசையை மட்டும் தீர்த்துக்கொள்ள லண்டன் வரை போக வேண்டியதில்லை என்று மாமாவிடம் சொன்னேன். சென்னைக்குச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பறக்கவிடும் விமானங்களில் பொதுவாக முதல் வகுப்பு இருப்பதில்லை. ஆனால் அப்போது மும்பைக்கும் டெல்லிக்கும் ஏ380 போய்க்கொண்டிருந்தது. ஐந்தரை மணி நேரப் பயணம். லண்டனுக்கு வேண்டிய மைலில் பாதிகூட ஆகாது. அறை அதே அறை, கட்டிலும் அதே கட்டில். "மும்பைக்கு எனக்கு என்ன வேலை?" என்றார். "அங்கிருந்து சென்னைக்கு வேறு விமானம் பிடியுங்கள்" என்றேன். நேரே நாலு மணி நேரத்தில் போகிற ஊருக்குச் சுற்றி வளைத்து ஒரு நாள் முழுக்கப் போவதா என்று அத்தை பின்னாலிருந்து கேட்டது எனக்கே காதில் விழுந்தது.

போனார்கள். ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, அவரும் அத்தையும் மட்டும். காத்திருப்புப் பட்டியலிலிருந்து இடம் உறுதியானது பயணத்துக்கு மூன்று வாரம் முன்பு. மாமா இருந்த இழுப்பறைகளையெல்லாம் திறந்து திறந்து பார்த்ததில் தூங்கவே இல்லையாம். அத்தை கட்டிலைப் போடச் சொல்லி, அதன் மேல் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஊருக்கு எடுத்துப்போன மல்லிகையைக் கட்டி முடித்துவிட்டாராம்.

இப்போது லண்டன் மறுபடி பேச்சுக்கு வந்திருக்கிறது. நாலு பேர் இரண்டாகவும், டிசம்பர் பிப்ரவரியாகவும் மாறியாகிவிட்டது. ஒரே வாரத்தில் ஐந்து விமானங்களில் பெயர் போட்டு வைத்திருக்கிறோம். முதலில் சேர்த்த மைலில் ஒரு பகுதி மார்ச் மாதக் கடைசியில் காலாவதியாகிறது. காலையில் கடை திறந்ததும் மாமா மின்னஞ்சலைப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்புகிறார். இன்று காலையும் வந்தது: "இன்னும் இல்லை."